மூன்றாம் எண் விரியன்

பங்குனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, செம்மொழி தன் விருது நேர்காணலுக்கான படங்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு பக்கம். ஊரில் நெட் சரியாக வராது என்பதால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

அவள் தஞ்சாவூரில் சூழலியல் படிக்கும் ஐந்தாம் வருஷ ஆராய்ச்சி மாணவி. உதவித்தொகை போன ஆவணியோடு நின்றுவிட்டது. கூட எம்.எஸ்சி. படித்தவர்களில் ஒருத்தி வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். இன்னொருவன் திருச்சியில் மருந்து கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் நிற்கிறான். இவளுக்கு முன்னால் டாக்டர் பட்டம் வாங்கிய சீனியரோ ஆறு மாத ஒப்பந்தம், எட்டு மாத ஒப்பந்தம் என்று காடு காடாக மாறிக்கொண்டிருந்தார். வனவிலங்கு வேலை அறிவிப்புகள் வரும் வாட்ஸ்அப் குழுவை விடிந்ததும் திறப்பாள். ‘சொந்த வாகனம் அவசியம்’, ‘மூன்று மாதம், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்’ என்ற வரிகளைப் படித்துவிட்டு மூடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு தனியார் அறக்கட்டளையின் இளம் சூழலியலாளர் விருதுக்கு விண்ணப்பித்தாள். மூன்று வருஷத்துக்கு ஆய்வு நிதி, நடுவில் ஆறு மாதம் வெளிநாட்டு ஆய்வகத்தில் பயிற்சி. வயது வரம்பு இருபத்தெட்டு. வருகிற ஆனியில் அவளுக்கு அது முடிகிறது. நானூறு பேரில் ஐந்து பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த ஐந்தில் அவளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. திங்கள் முழுக்கவும் செவ்வாய் விடிகாலையும் படங்களை இழைத்து இழைத்துச் செய்தாள். அந்த இரண்டு நாளும் வயலுக்குப் போகவில்லை.

திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. மூச்சை விட்டு நிமிர்வதற்குள் கைபேசி அடித்தது. அப்பா அண்ணாதுரை.

“செம்மொழி, காத்தாயி அக்காவ பாம்பு கடிச்சிருச்சும்மா. உளுந்து புடுங்கிக்கிட்டு இருந்திச்சு. இளம்பரிதி வண்டியில வச்சு மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாறான். நீ உடனே அங்க போ.”

“எந்த வயலுப்பா?”

“வாய்க்கா ஓரம் மூங்கிக்குத்து இருக்குல்ல. அதுக்குக் கீழண்ட வயலு.”

அந்த மூங்கில் குத்தில்தான் மூன்றாம் எண் இருந்தது. கடைசியாக ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தபோது.

அவள் ஆராய்ச்சி கண்ணாடி விரியனைப் பற்றியது. நெல் அறுத்த வயலில் உளுந்து நிற்கும் மாதங்களில் எலி பெருகும், எலிக்குப் பின்னால் விரியன் வரும், விரியன் இருக்கும் வயலில் பெண்கள் கையால் செடி பிடுங்குவார்கள். இந்த மூன்றும் எங்கே, எப்போது ஒன்றுசேர்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். வனத்துறை அனுமதியோடு மூன்று விரியன்களைப் பிடித்து, கால்நடை மருத்துவரை வைத்து உடம்புக்குள் விரல்நுனி அளவு டிரான்ஸ்மிட்டர் பொருத்தி, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டிருந்தாள். பிடித்த இடத்தில் விட வேண்டும் என்பதுதான் விதி. பிறகு தினமும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு சத்தம் வரும் திசையில் நடந்து, பாம்பு எங்கே படுத்திருக்கிறது என்று குறித்துக்கொள்வாள். பார்க்க எலும்புக்கூடு போல இருந்த அந்த ஆன்டெனாவுக்கு ஊரில் மீன்முள்ளு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் எண்ணைக் காட்டிக்கொடுத்ததே காத்தாயிதான். மாசியில் ஒரு நாள் வாய்க்கால் கரையில் அதைப் பார்த்துவிட்டு, கம்பு எடுத்தவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, “எங்க வூட்டுப் பொண்ணு அடிக்க வேணாம்னு சொல்லியிருக்கு” என்று செம்மொழிக்கு ஆள் அனுப்பினாள். நான்கடி நீளப் பெட்டை. அன்றைக்கு அது அடிபட்டுச் செத்திருக்க வேண்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் செம்மொழி வண்டியைச் சாய்த்து நிறுத்தியபோது காத்தாயியை ஏற்கெனவே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற காத்தாயியை அவள் சிறு வயதிலிருந்து பெரியம்மா என்று கூப்பிட்டே பழகியவள். பெரியம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வலது கை விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. விரலிடுக்கில் இரண்டு புள்ளிகள். அவற்றிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

“புசுபுசுன்னு சத்தம் கேட்டுச்சுடி. டயர்ல காத்து எறங்குற மாரி. என்னன்னு திரும்புறதுக்குள்ள...” காத்தாயி பேசும்போது பல்லீறில் சிவப்பு தெரிந்தது.

“பேசாதீங்க பெரியம்மா. கைய அசைக்காம வைங்க.”

செவிலியர் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து மேசையில் நிறுத்தினார். “இருபது நிமிஷம் இத யாரும் தொடக் கூடாது.”

அந்தச் சோதனை செம்மொழிக்கு மனப்பாடம். சற்று முன்னால் ஏற்றிவிட்டு வந்த படங்களில் ஆறாவது பக்கம் அதுதான். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைச் சாய்த்தால் ரத்தம் கட்டியாக நிற்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விரியன் விஷம். ஆறாவது பக்கத்துக்கு அழகான நீல வண்ணம் கொடுத்திருந்தாள். இப்போது அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பக்கத்தில் இளம்பரிதி நின்றான். காத்தாயியின் ஒரே மகன், அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், செம்மொழியைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் சட்டை முதுகில் அம்மாவின் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

இருபது நிமிஷம் ஆனதும் செவிலியர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். கூடவே, சிறுநீரகம் பாதிக்கப்படலாம், டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்கு முன்னால் இளம்பரிதி அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அது ஒன்னோட பாம்பா?”

“தெரியலண்ணே.”

“ஒங்கிட்டதான் மிஷின் இருக்கே. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அவன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

மூன்றரை மணிக்கு அவளும் அப்பாவும் வயலுக்குப் போனார்கள். தனியாகப் போகக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டாள். வயலில் பாதிச் செடி பிடுங்கியபடியும் பாதி நின்றபடியும் இருந்தது. கூலிப் பெண்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அங்கங்கே செடிக்கட்டுகள், ஒரு தூக்குவாளி, ஒற்றைச் செருப்பு.

இத்தனை மாதத்தில் ஒருநாளும் செம்மொழிக்கு வயலில் பயம் இருந்ததில்லை. சத்தம் கேட்கும், எங்கே இருக்கிறது என்று தெரியும், தெரிந்த ஒன்றைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைப்பாள். இன்றைக்கு ரிசீவரைத் திருகும்போது விரல் வழுக்கியது. மூங்கில் குத்தின் பக்கம் ஆன்டெனாவை நீட்டினாள். சத்தம் மெலிதாக வந்தது. மெல்லத் திரும்பினாள். உளுந்து வயல் பக்கம் திரும்பியதும் டிக், டிக் என்று தெளிவாக அடித்தது.

“வலுக்குதேம்மா” என்றார் அண்ணாதுரை. கூட நடந்து நடந்து அவருக்கும் அந்தச் சத்தம் பழக்கம்.

அவள் ஒலியைக் குறைத்தாள். பத்தடி நடந்தாள், மறுபடியும் குறைத்தாள். எவ்வளவு குறைத்தும் சத்தம் குறைய மாட்டேன் என்றது. ஒவ்வொரு அடியையும் செடியை விலக்கிப் பார்த்த பிறகே வைத்தாள். காய்ந்த உளுந்துச் சருகு பூட்ஸில் உரசினால்கூட நின்று கீழே பார்த்தாள். வரப்பை நெருங்கியபோது நின்றுவிட்டாள். வரப்பில் எலி வளை. வளை வாயிலில் காய்ந்த புல். புல்லுக்கு நடுவே, மண் நிறத்தில், சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமாக ஒரு சுருள். தலை உள்ளே இருந்தது. உடம்பு மூச்சுக்கு மெல்ல உப்பி இறங்கியது.

அவளுக்கு வலது பக்கம், வரப்புக்குக் கீழே, காத்தாயி தலையில் கட்டியிருந்த துண்டு ஒரு செடிக்கட்டின் மேல் கிடந்தது. செம்மொழி பின்வாங்கி வந்து, பையிலிருந்து நாடாவை எடுத்து தூரம் அளந்தாள். பழக்க தோஷம். நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர்.

“வேற பாம்பாவும் இருக்கலாம்ல?” என்றார் அப்பா.

“இருக்கலாம்பா.”

“அப்ப வேற பாம்புன்னே சொல்லிரு. நம்ம பாம்பு மூங்கிக்குத்துலதான் கெடந்துச்சுன்னு சொல்லிரு. இந்த மிஷினு பேசுறது ஒன்னத் தவிர யாருக்குப் புரியுது?” தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பத்தில், ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கிய முதல் ஆள் அவர். பாம்பு ஆராய்ச்சிக்கு ஊரைச் சம்மதிக்க வைக்க வீடு வீடாகப் போய்ப் பேசியவரும் அவர்தான். “அடுத்த புதங்கிழம ஒனக்கு இன்டர்வியூம்மா. அக்கா பொழச்சிரும். நீ ஏன் வாயக் கொடுத்து மாட்டிக்கிற?”

அவள் வரப்பில் உட்கார்ந்து, தன் வழிகாட்டிப் பேராசிரியர் மாலதிக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாலதி சொன்னார்:

“செம்மொழி, இது வெளியில போனா அனுமதிய ரத்து பண்ணிருவாங்க. உன்னோடது மட்டும் இல்ல, நம்ம துறையில இன்னும் மூணு பேரோடதும் போயிரும். அடுத்த புதன்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாத. அதுக்கப்புறம் பாத்துக்கலாம். நான் சொல்றது சரின்னு சொல்லல. எனக்கும் பயமா இருக்கும்மா.”

போனை வைத்துவிட்டு செம்மொழி வயலைப் பார்த்தாள். பிடுங்காத பாதி உளுந்து அப்படியே நின்றது. நாளைக்கு விடிந்ததும் பன்னிரண்டு பெண்கள் இதே வயலுக்குள் குனிவார்கள். எந்த வரப்பு என்று சொல்லாமல் அவர்களை எப்படித் தடுப்பது? இன்றைக்கு மறைத்தால் நாளைக்கும் மறைக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“சார், என் ஆய்வில் இருக்கிற மூன்றாம் எண் பாம்பு உளுந்து வயல்ல இருக்கு. காலைல பக்கத்துல வேலை செஞ்ச ஒருத்தரக் கடிச்சிருக்கு. இதுதான் கடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டுப் போங்க.”

அண்ணாதுரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வனத்துறை வண்டி வருவதற்கு முன்பே, வயலில் மீன்முள்ளு நிற்பதைக் கண்டு ஊர் வந்துவிட்டது. இருபது இருபத்தைந்து பேர். முன்னால் கூலிப் பெண்களுக்குத் தலைவியான செவ்வந்தி. பின்னால் இரண்டு பேர் கையில் மண்வெட்டி. செம்மொழி பாம்புக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். வளை அவள் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நிற்பதும் பயமாக இருந்தது, இவர்கள் முகத்தைப் பார்த்து நிற்பதும் பயமாக இருந்தது.

“பாம்புக்குள்ள மிஷின வச்சு வுட்டதும் இல்லாம, காவலுக்கு வேற நிக்கிறியா?” என்றாள் செவ்வந்தி. “காத்தாயி செத்துப்போனா நீ வந்து எங்களோட குனிஞ்சு புடுங்குவியா?”

“வனத்துறை வண்டி வந்துக்கிட்டு இருக்கு அக்கா. கிட்ட போகாதீங்க. வளைய வெட்டினா அது எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.”

“தள்ளு.”

மண்வெட்டிக்காரன் ஒருவன் ஓரடி எடுத்து வைத்தான். அண்ணாதுரை எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் மேலே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. அப்படியே அரை மணி நேரம். செம்மொழிக்குத் தன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி வேறு நினைவில்லை. கடைசியில் வனத்துறையினர் வந்து, வளையைச் சுற்றி நின்று, கொக்கியால் பாம்பை இழுத்து டப்பாவுக்குள் விட்டார்கள். அது சீறிய சத்தத்தில் கூட்டம் மொத்தமும் பின்னுக்குப் போனது. எங்கேயோ காப்புக்காட்டில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். பழக்கமில்லாத இடத்தில் விட்ட விரியன் பெரும்பாலும் பிழைக்காது என்பது செம்மொழிக்குத் தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனாள். மருத்துவமனை வராந்தாவில் இளம்பரிதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, அது என் பாம்புதான். நாலு மீட்டர்ல இருந்துச்சு.”

“செவ்வந்தி அக்கா நேத்தே போன் பண்ணிருச்சு” என்றான் அவன். “நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” பிறகு கண்ணை மூடிக்கொண்டான். “அம்மாவுக்கு மூத்திரம் போகல. கிட்னி நின்னுருச்சுங்கிறாங்க. அது பொழச்சு வரட்டும். அதுக்கு அப்பறம் பேசுவோம்.”

பிழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. அடுத்த ஏழு நாளும் செம்மொழி அந்தச் சொல்லாத பாதியோடுதான் படுத்தாள், எழுந்தாள். தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். இளம்பரிதி வாங்கிக்கொள்வான், பேச மாட்டான். இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஒருநாள் பார்த்தபோது, காத்தாயியின் முகம் அடையாளம் தெரியாமல் ஊதியிருந்தது.

அடுத்த புதன்கிழமை பதினொன்றரைக்கு நேர்காணல். மாலதியின் அறையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாலதி கதவருகே நின்றார். திரையில் நான்கு முகங்கள். செம்மொழி மனப்பாடம் செய்திருந்ததையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள், யாரோ பேசுவதைத் தானே கேட்பது போல. பதினான்காவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. இளம்பரிதி.

அவன் அவளுக்குப் போன் செய்ததே இல்லை. இந்த ஏழு நாளில் ஒருமுறைகூட. போன் ஒளிர்ந்து அணைந்தது. மறுபடியும் ஒளிர்ந்தது. எடுக்க முடியாது. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. போய்விட்டது, முடிந்துவிட்டது என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

திரையில் இருந்த ஒரு பெண் நடுவர் கேட்டார்: “உங்கள் பாம்புகள் மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் வருகின்றன?”

இருபதாவது பக்கத்தில் அதற்கு ஒரு சராசரிக் கணக்கு இருந்தது. செம்மொழி அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

“போன வாரம் செவ்வாய்க்கிழமை நாலு மீட்டர் மேடம். அதற்கு முன்னால் ஒரு கையைத் தொடும் தூரம். எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், காத்தாயி என்று பெயர், இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். கடித்தது என் மூன்றாம் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் நான் பாம்பைத் தேடிப் போகவில்லை. உங்களுக்குக் காட்ட இந்தப் படங்களைச் செய்துகொண்டிருந்தேன்.”

நான்கு முகங்களும் அசையாமல் இருந்தன. இணையம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தாள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமி, நன்றி சொல்லி, முடிவைக் கடிதத்தில் தெரிவிப்போம் என்றார். திரை இருண்டது. மாலதி கதவருகே அப்படியே நின்றார். திட்டவில்லை. “முதல்ல அந்தப் போனப் பேசும்மா” என்றார்.

செம்மொழியால் எண்ணை அழுத்த முடியவில்லை. மாலதிதான் அழுத்திக் கொடுத்தார்.

“எங்க போயிட்ட? ரெண்டு தடவ அடிச்சேன்” என்றான் இளம்பரிதி. அவன் குரல் உடைந்திருந்தது. “அம்மாவுக்கு மூத்திரம் பிரிஞ்சிருச்சு. டாக்டரு பயமில்லன்னுட்டாரு.”

செம்மொழி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

காத்தாயி மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினாள். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. செம்மொழி பார்க்கப் போனபோது காத்தாயி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“தெனம் அது எங்க கெடக்குன்னு ஒனக்குத் தெரியும். எழுதியும் வச்சிக்கிட்ட. அப்படித்தானே?”

“ஆமா பெரியம்மா.”

“ஒரு நாளாவது எங்ககிட்ட சொன்னியா, இந்த வரப்புல கெடக்கு, அந்தப் பக்கம் கைய வுடாதீங்கன்னு?”

“சொல்லக் கூடாதுன்னு விதி. சொன்னா அடிச்சிருவாங்கன்னு...”

“அந்த ரெண்டு நாளு நீ வந்து பாத்திருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பியா?”

நேர்காணலில் இரண்டு நாள் போகாததைத்தான் தன் குற்றமாகச் சொல்லியிருந்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

“மாட்டேன் பெரியம்மா.”

காத்தாயி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “போயிரு. எம்மூஞ்சியில முழிக்காத.”

விருது வேறொருவருக்குப் போனது, கடல்புற்களைப் பற்றி ஆராயும் ஒரு பையனுக்கு. செம்மொழிக்கு வந்த கடிதத்தில், உங்கள் நேர்மையை மதிக்கிறோம், ஆனால் மக்கள் பாதுகாப்புக்கு உங்கள் ஆய்வில் திட்டம் எதுவும் இல்லை என்று இரண்டே வரி இருந்தது. முதல் வரியைவிட இரண்டாவது வரியை அவள் அதிக முறை படித்தாள். வனத்துறை அனுமதியை ரத்து செய்யவில்லை. ஆனால் புதிதாகப் பாம்பு பிடிக்கத் தடை போட்டார்கள். மிச்சமிருந்தவை ஒன்றும் இரண்டும்.

சித்திரையில் செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்: “காத்தாயி சொல்லி அனுப்பிச்சு. தெனம் ஆறு மணிக்குள்ள அதுங்க எங்க கெடக்குன்னு எங்களுக்குத் தெரியணும். இல்லன்னா அந்த மீன்முள்ளத் தூக்கிக்கிட்டு இந்த ஊர் வயல்ல எறங்காத.”

மாலதி அதற்காகப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவில் சண்டை போட்டு, ஆய்வுத் திட்டத்தையே திருத்தி எழுதி ஒப்புதல் வாங்கினார். அதன் பிறகு தினமும் நாலரைக்கே எழுந்து செம்மொழி வயலுக்குப் போனாள். அப்பா கூட வந்தார். ஆறு மணிக்கு மதகடியில் பெண்கள் கூடுவார்கள். ஒண்ணாம் எண் மேலத்தெரு முடிவில் வைக்கோல் போர் பக்கம், ரெண்டாம் எண் வடக்கு வாய்க்கால் கரையில் தாழம்புதருக்குள் என்று சொல்வாள். பெண்கள் கேட்டுக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மூன்று பயம். சொன்னது போதுமா என்று பயம். யார் காதில் விழுந்ததோ என்று இன்னொரு பயம். சொல்லாத பாம்புகள் இந்த வயல்களில் எத்தனை கிடக்கின்றனவோ என்று அதற்கும் மேலே ஒரு பயம்.

ஒன்பதாவது நாள் இரண்டாம் எண்ணின் சத்தம் வாய்க்காலுக்குள்ளிருந்து வந்தது. வறண்ட வாய்க்காலில், வண்டல் மண்ணில், டிரான்ஸ்மிட்டர் மட்டும் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கல், கல்லில் ரத்தம். செம்மொழி அதைத் துடைத்துப் பையில் போட்டாள். அன்றைக்கு மதகடியில் பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாம் எண் அடித்துக் கொல்லப்பட்டது, யாரென்று தெரியவில்லை என்று வனத்துறைக்கும் மாலதிக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். வனத்துறையிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக விசாரித்துவிட்டுப் போனார்கள். ஊர் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்: “நாளைக்கும் சொல்லப் போறியாம்மா?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு மதகடியில் பதினோரு பெண்கள் நின்றார்கள். செம்மொழி அவர்கள் முன்னால் போய் நின்றாள். ஒண்ணாம் எண் தெற்கு வயலில், பம்பு செட்டுக்கு இருபதடி கிழக்கே, வரப்பு வளைக்குள் இருக்கிறது என்று சொன்னாள்.